ஏழு நாய்களும் ஏழு பெண்களும்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில், உண்டு உறைவிடப் பள்ளியின் வகுப்பறை ஒன்றில் இருபத்தாறு மாணவிகளோடு ஏழு நாள் தங்கியிருந்தேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாம். பகலில் பள்ளி வளாகத்தைப் பெருக்கினோம், சுவருக்கு வெள்ளையடித்தோம், வீடு வீடாகப் போய்ப் பேசினோம், சாமை அடித்த களத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இதே மலையில்தான் காவலூர் வானாய்வு நிலையம் இருக்கிறது. நட்சத்திரம் பார்க்க இந்த இருட்டு வேண்டும் என்று தேடி வந்து கட்டினார்கள். எங்கள் பெண்களுக்கு நட்சத்திரத்தில் அக்கறை இல்லை. டவர் கிடைக்கவில்லை என்பதுதான் அவர்களுடைய துயரம்.

முதல் இரவு ஒருத்தி பையிலிருந்து 'பொன்னியின் செல்வன்' மூன்றாம் பாகத்தை எடுத்தாள். 'கொலை வாள்'. அட்டை கிழிந்து செல்லோ டேப் ஒட்டிய பிரதி. தைக் குளிரில் இரண்டு இரண்டு பேராய்ப் போர்வைக்குள் சுருண்டுகொண்டார்கள். அவள் வாய்விட்டுப் படித்தாள். நந்தினி பேசும் இடங்களில் குரலைத் தாழ்த்தினாள், ஆழ்வார்க்கடியானுக்கு வேறு குரல். படம் எல்லாரும் பார்த்தவர்கள்; 2022இல் முதல் பாகம் வந்தபோது வகுப்பைக் கட்டடித்துவிட்டுப் போனதைக் கூச்சமில்லாமல் என்னிடமே சொன்னார்கள். அறைக்குள் கட்சிகள் இருந்தன. குந்தவை கட்சி பெரியது. நந்தினி கட்சியில் ஐந்து பேர், ஆனால் சத்தம் அவர்களுடையது. பூங்குழலிக்கு ஒரே ஒருத்தி, யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள். வானதி மயங்கி விழும்போதெல்லாம் மொத்த அறையும் சிரித்தது. கல்கியும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றி ஆரம்பித்தேன். கதை தொடங்கும் வீராணம் ஏரிக்குப் பக்கத்திலேயே, காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருப்பது. முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது பெயர் சொல்லுகிறது: சோமன், அவன் தம்பி இரவிதாசன், அவனுக்கும் தம்பி பரமேசுவரன். பின்னிருவரும் பிரமாதிராசன் என்ற பட்டம் தாங்கிய அரசு அதிகாரிகள். அவர்கள் நிலம் பறிக்கப்பட்டது. உறவினர் நிலமும் பறிக்கப்பட்டது. அவர்களுடைய மனைவிமார் பேரில் இருந்ததும் போயிற்று. கொலை செய்தவள் என்றோ செய்யத் தூண்டியவள் என்றோ ஒரு பெண்ணை அந்தக் கல் சொல்லவில்லை.

"கல்லில் பெண்கள் நிலத்தை இழந்தவர்களாக மட்டும் வருகிறார்கள். 1950இல் கல்கி தொடர்கதை எழுத உட்காருகிறார். கொலைக்கு அச்சாணியாக ஒரு அழகியை வைக்கிறார். கிழவன் அவளைக் கட்டிக்கொண்டு புத்தி கெடுகிறான், இளவரசன் அவளால் பைத்தியமாகிறான், ஒரு பேரரசே அவள் கண்ணசைவில் ஆடுகிறது. அதிகாரிகள் செய்த அரசியல் கொலையின் பழி ஒரு பெண்ணின் உடம்புக்கு வந்து சேருகிறது." நாற்பது நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன், அதில் சந்தேகமில்லை. முடித்ததும் ஒரு குரல், "சரிங்கம்மா." புத்தகம் மூடப்பட்டது.

இரண்டாம் இரவு யாரும் புத்தகத்தை எடுக்கவில்லை. மூன்றாம் இரவு நடுவில் விழித்தேன். மூலையில் நான்கு தலைகள் ஒரு போர்வைக்குள். உள்ளே செல்பேசி வெளிச்சம். ஒருத்தி கிசுகிசுத்துப் படிக்கிறாள், முன்பே இறக்கி வைத்திருந்த ஏதோ குடும்ப நாவல். நான் புரண்டு படுத்த சத்தத்தில் வெளிச்சம் அணைந்தது.

அந்த வெளிச்சம் அணைந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. நான் சொன்னதில் தவறு ஏதும் இல்லை; இன்றும் ஒரு வாக்கியத்தைக்கூடத் திரும்பப் பெறமாட்டேன். ஆனாலும் அந்த அறையில் நான் செய்தது, விடுதிக் காப்பாளர் செய்கிற வேலை. ஒளித்துப் படிக்க வேண்டிய ஆளாக ஆகிவிட்டேன். நானே ஒளித்துப் படித்தவள். முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் தொல்காப்பியப் பொருளதிகாரத்துக்குள் ரமணிசந்திரனை வைத்துப் படித்திருக்கிறேன். களவியலுக்கு அது பொருத்தமான துணைநூல் என்று தோழியிடம் சொல்லிச் சிரித்துமிருக்கிறேன். வெளியில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு கருத்தரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவர் தமிழ் வாசிப்பின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசினார். அதற்கு உதாரணமாக ரமணிசந்திரனை வாங்க வரிசையில் நிற்கும் பெண்களை வருணித்தார். மளிகைச் சாமான் பட்டியலோடு சேர்த்து வாங்குகிறார்கள் என்றார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். மேடையில் நான்காவதாகப் பேச வேண்டியிருந்தது, எனக்கு அவர்களோடு இருக்க வேண்டியிருந்தது. அதே அமர்வில் அவர் கல்கியைப் பற்றிக் கண் கலங்கப் பேசினார்.

இந்த இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'பொன்னியின் செல்வ'னின் காதலர்கள் வேன் பிடித்து வீராணம், பழையாறை, கோடிக்கரை என்று வந்தியத்தேவன் போன வழியில் போகிறார்கள். பிள்ளைகளுக்குக் குந்தவை, அருள்மொழி என்று பெயர் வைக்கிறார்கள். கொன்றது யார் என்று எழுபது ஆண்டுகளாக வாதிடுகிறார்கள். அதற்குப் பெயர் வரலாற்று ஆர்வம், மரபுப் பற்று. நூற்றைம்பதுக்கும் மேலான நாவல்கள் எழுதிய ஒருவரை இரண்டு தலைமுறைப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். அருணோதயம் வெளியீடு என்று முதுகில் பார்த்தாலே எடுத்துக்கொண்டார்கள், எந்தக் கதையில் எந்த நாயகன் என்று மனப்பாடமாகச் சொன்னார்கள். அதற்குப் பெயர் பொழுதுபோக்கு, பைத்தியம். நந்தினியைப் பற்றி நான் சொன்னது சரியென்றால், பெண்ணைச் சித்திரிப்பதில் இரண்டு எழுத்துக்கும் கேள்வி உண்டு. வெட்கப்பட வேண்டியவர்களாக மட்டும் ஒரே தரப்பு வாசகரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பெண்ணியம் பேசுகிற நாமும் அதே வரிசையில் நின்று, கொஞ்சம் மரியாதையான சொற்களால், அதே பெண்களைத்தான் கேட்கிறோம்: இதையெல்லாமா படிக்கிறாய்?

என் அம்மா வாடகை நூலகத்தில் எடுத்துப் படிப்பாள். உலை கொதிக்கிற நேரம், குழாயில் தண்ணீர் நிரம்புகிற நேரம். அப்பா கூப்பிட்டால், "இந்தப் பக்கம் முடிச்சிட்டு வரேன்" என்பாள். வேறு எந்தக் காரியத்துக்காகவும் அப்பாவைக் காக்கவைத்து நான் பார்த்ததில்லை. காய்ச்சலில்கூட எழுந்து காப்பி போட்டுக் கொடுத்தவள்.

1984இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேனிஸ் ராட்வே காதல் நாவல் படிக்கும் பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நாவல்களைப் பிரித்து ஆராய்ந்ததோடு நிற்காமல் ஒரு சிறு நகரத்துக்குப் போய் வாசகிகளையே கேட்டார். ஏன் படிக்கிறீர்கள்? கதையைப் பற்றிப் பேசுவார்கள் என்று பார்த்தால், அவர்கள் நேரத்தைப் பற்றிப் பேசினார்கள். இந்தப் பொழுது எனக்கு, இப்போது என்னை யாரும் கூப்பிடக்கூடாது என்பதற்கான வேலி அந்தப் புத்தகம். படிக்கிற செயல் ஒரு சின்னக் கிளர்ச்சி, படிக்கப்படுகிற கதையோ அவர்களைப் பழைய வீட்டுக்கே சமாதானமாகத் திருப்பி அனுப்புகிறது. இந்த முரணை ராட்வே எந்தப் பக்கமும் தள்ளிவிடவில்லை. அதே 1984இல்தான் அம்பை, சி.எஸ். லக்ஷ்மி என்ற பெயரில், தமிழ் இலக்கியத்தில் பெண்களைப் பற்றிய தம் ஆங்கில ஆய்வு நூலை வெளியிட்டார். எழுதுகிற பெண்ணைப் பற்றிக் கேட்கத் தமிழில் அவர் வழிகாட்டினார். எழுதுகிறவளைக் கேட்ட அளவுக்குப் படிக்கிறவளை நாம் கேட்கவில்லை. என் அம்மாவிடம் நான் கேட்டதில்லை. இப்போது கேட்க அவள் இல்லை.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் கட்டுரை சுகமாக இருக்கும். படிக்கட்டுமே, சந்தோஷம்தானே, நமக்கென்ன என்று முடிக்கலாம். முடியவில்லை. ஒரு மாணவி இருக்கிறாள்.

மூன்றாண்டுக்கு முன் இளங்கலை இறுதியாண்டு படித்தவள். நிச்சயம் ஆகியிருந்தது. ஒருநாள் கன்னத்தில் விரல் தடத்தோடு வந்தாள். மாப்பிள்ளை. கல்லூரி வாசலில் அவள் வகுப்புத் தோழன் ஒருவனோடு பேசிக்கொண்டிருந்தாளாம். நான் பதறினேன், அவள் பதறவில்லை. "அவருக்கு என்மேல அவ்வளவு உரிமைம்மா. கோவம் ஜாஸ்தி, ஆனா உள்ள பாசம் இருக்கு. தப்பா புரிஞ்சிக்கிட்டார், அவ்ளோதான்." அந்தச் சொற்களை எனக்குத் தெரியும். பொருளதிகாரத்துக்குள் வைத்து நான் படித்த சொற்கள்.

நாவல் படித்ததால் அடி வாங்கினாள் என்று சொல்வது அபத்தம். நாவலே படிக்காத அவள் அம்மாவும் அடி வாங்கியவள்தான், அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடியை நாவல் கற்றுத்தரவில்லை, வீடு கற்றுத்தந்தது. நாவல் தந்தது அதற்கு அடுத்து வரும் அத்தியாயத்தை. இந்தக் கதைகளில் பெண்களுக்குப் பிடிப்பது நாயகனின் முரட்டுத்தனம் என்று நாம் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிடிப்பது கடைசியில் வரும் விளக்கம். ஏன் அப்படிப் பேசினான், எதைக் கண்டு பயந்தான், எவ்வளவு நாளாக மனதில் வைத்திருந்தான் என்று அவன் பத்துப் பக்கம் வாய் திறந்து பேசுவான். மன்னிப்பும் கேட்பான். நம் வீடுகளில் எந்த ஆண் பத்துப் பக்கம் பேசினான்? அந்த ஏக்கம் உண்மையானது, கேலிக்கு உரியது இல்லை. ஆனால் அந்த மாணவி தன் கன்னத்தை வைத்துக்கொண்டு கடைசி அத்தியாயத்துக்காகக் காத்திருந்தாள். அதை எழுத யாரும் உட்காரவில்லை.

அன்று அவளிடம் ஆணாதிக்கம், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 என்றெல்லாம் பேசினேன். அவள் "சரிங்கம்மா" என்றாள். மலையில் கேட்ட அதே "சரிங்கம்மா". கல்யாணம் நடந்தது, பத்திரிகை வந்தது, போனேன். அவள் படித்த நாவல்களில் ஒன்றையாவது அவளோடு சேர்ந்து படித்திருந்தால், "இந்த நாயகன் இவளை அடித்த பிறகு இருபது பக்கம் வரவே இல்லையே, அந்த இருபது பக்கமும் இவள் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாள்?" என்று கதைக்குள்ளிருந்தே கேட்டிருந்தால், வேறு பேச்சு நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன். நான் அவளை அந்த வீட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன், அவள் உள்ளே இருந்தாள் என்பது மட்டும் தெரியும்.

வெளியே நின்று கூப்பிடாத விமர்சனம் தமிழில் இல்லாமல் இல்லை. புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, இராமாயணத்தில் மனம் தோயாத ஒருவரால் இதை எழுதியிருக்க முடியாது என்பதுதான். கல்லாய்க் கிடந்து பெண்ணாய் எழுந்த அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவன் இராமன் என்று கேட்டதும் மறுபடி கல்லாகிறாள். காவியத்தை மூடி வைத்துவிட்டுச் செய்த வேலை இல்லை அது. அதற்குள்ளேயே தங்கி, அங்கே வாழ்கிற ஒருத்தியைக்கொண்டு கேட்டது.

முகாமின் ஆறாம் இரவுக்கு வருகிறேன்.

எங்கள் மாணவிகளில் ஒருத்தி அந்த மலைக்காரி, மலையாளிப் பழங்குடி. அவள் ஊர் முகாமிலிருந்து நான்கு கிலோமீட்டர். அன்று சாயங்காலம் தன் ஆயாவை அழைத்துவந்தாள். ஆயா கூடவே ஒரு பாத்திரம் நிறையச் சாமைச் சோறும் வந்தது. சாப்பிட்டதும் பெண்கள் கதை கேட்டார்கள். ஆயா தங்கள் சனம் மலையேறிய கதையைச் சொன்னாள்.

காஞ்சிபுரத்தில் காரைக்காட்டு வேளாளர் இருந்தார்கள். வேடர்கள் வந்து பெண் கேட்டார்கள். உங்களுக்கா பெண் என்று வேளாளர் கேலி பேசி அனுப்பினார்கள். ஆத்திரத்தில் வேடர்கள் ஏழு கன்னிப் பெண்களைத் தூக்கிப்போனார்கள். மீட்க ஏழு ஆண்கள் புறப்பட்டார்கள், கூட ஏழு நாய்கள். பெண்டாட்டிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்: நாய் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று காரியம் செய்துவிடுங்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் நீந்திக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆறு வரை நீந்தி, முடியாமல் திரும்பின.

அந்த இடத்தில் ஆயா நாய்களாகவே ஆகிவிட்டாள். கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, தண்ணீரில் தத்தளித்து. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அடுத்த நிமிடம் ஒருத்தி அழுதாள். நாய்கள் வாசலில் வந்து நிற்கின்றன. பெண்டாட்டிமார் தாலி அறுக்கிறார்கள். அங்கே ஆண்கள் வேடர்களைக் கொன்று முடித்து ஊர் திரும்புகிறார்கள். செத்தவனுக்குக் காரியம் செய்தாயிற்று, இனி ஊரில் இடமில்லை. வேடர்குலப் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக்கு வந்து ஏர் பிடிக்கிறார்கள்.

1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளிலும் இந்தக் கதை ஏறத்தாழ இப்படியே இருக்கிறது. எனக்கு நாக்கு அரித்தது. பெண் பரிமாற்றப் பொருளாவது, குலத் தூய்மை, வெள்ளைக்கார அதிகாரிகள் பழங்குடிக் கதைகளை எழுதிக்கொண்ட விதம், பழங்குடிக்கு வேளாளப் பிறப்பு ஏன் தேவைப்பட்டது, எல்லாம் வரிசையாக வாய்க்கு வந்தது. மூன்றாம் இரவு அணைந்த வெளிச்சத்தை நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

பேத்திதான் கேட்டாள். பிறந்ததிலிருந்து இந்தக் கதையைக் கேட்டவள், நாய் நீந்தும் இடத்தில் ஆயாவோடு சேர்ந்து கையை அசைத்தவள்.

"ஆயா, அந்த ஏழு பொண்ணுங்க இன்னா ஆனாங்க?"

ஆயா யோசித்தாள். "எந்தப் பொண்ணுங்க?"

"தூக்கினு போனாங்களே. அவங்களுக்காகத்தான எல்லாரும் போனாங்க?"

"அத்த எங்க ஆயா சொல்லலியே."

தர்ஸ்டன் புத்தகமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனையோ முறை படித்திருக்கிறேன். பெண் பரிமாற்றப் பொருள் என்று பக்கத்தில் பென்சிலால் எழுதியும் வைத்திருக்கிறேன். அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கத் தோன்றியதில்லை.

பிறகு அறை என் கையில் இல்லை. ஏழு பேரும் வேடர்களோடு சந்தோஷமாக இருந்திருப்பார்கள், இந்த ஆண்கள் வந்துதான் கெடுத்தார்கள் என்றாள் நந்தினி கட்சிக்காரி ஒருத்தி. அவர்களும் ஊருக்குத் திரும்பியிருக்க முடியாது என்றாள் இன்னொருத்தி. ஆம்பளைங்களையே சேர்க்கலை, தூக்கிட்டுப் போன பொண்ணையா சேர்ப்பாங்க? பூங்குழலிக்காரி, அவர்களும் ஆற்றில் நீந்தினார்கள், யாரும் வாசலில் நின்று எண்ணவில்லை என்றாள். தாலி அறுத்த ஏழு பேரைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஆயா குறுக்கே புகுந்தாள். புருஷன் உயிரோடு வந்து நிற்கிறான், மறுபடி கட்டிக்கொள்ள வேண்டியதுதானே? "எங்க மலையில அறுத்தவளும் கட்டுவா, வேணாம்னு வந்தவளும் கட்டுவா. கீழ்நாட்டுல அது ஆவாதாம். அதுக்குத்தான் அவங்க மேல வந்துட்டானுங்க." தன் சனத்தின் கதையை அவள் அதுவரை எத்தனை முறை சொல்லியிருப்பாளோ. அன்று அந்த வரியைச் சேர்த்துச் சொன்னாள்.

பதினொரு மணிக்கு மேல் ஒருத்தி மறுபடி நாய் நீந்துவதைச் செய்து காட்டச் சொன்னாள். ஆயா செய்தாள். முதல் தடவையைப் போலவே சிரித்தார்கள்.

கடைசி இரவு செல்லோ டேப் ஒட்டிய 'கொலை வாள்' வெளியே வந்தது. படிக்கிறவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. புத்தகத்தை என்னிடம் நீட்டி, "அம்மா, நந்தினி வர்ற இடம். நீங்க படிக்கிறீங்களா? கல்வெட்டு அப்புறம் சொல்லுங்க, இந்த அத்தியாயம் முடியட்டும்" என்றாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, படிக்க ஆரம்பித்தேன்.